கல்சியம் 122 மீகடத்தியா இல்லையா: அமுக்கத்தில மாட்டின ஒரு பளிங்கின்ர நிகழ்வு ஆய்வு

இரும்பு மீகடத்தியளை அமுக்கினா என்ன நடக்கும் எண்டு கேட்டா கம்பஸ்ல பிசிக்ஸ் செய்யிற பிள்ளையளும் டக்கெண்டு சொல்லுறது “டீசி கூடும்” எண்டதைத்தான். மீகடத்தி எண்டால் நல்லாக் குளிராக்கினா மின்தடை பூச்சியமாகிற சாமான், டீசி எண்டால் அப்பிடித் தடை பூச்சியமாகிற வெப்பநிலை. சில சாமானில கூடும், உண்மைதான், சிலதில இறங்கிக்கொண்டே போகும், பொட்டாசியம், இரும்பு, ஆசனிக்கு சேர்ந்ததில முதல் இறங்கி 1.75 கிகாபஸ்கல் (இது அமுக்கத்தின்ர அலகு) தாண்டினாப் பிறகு திரும்ப ஏறும், இன்னும் ஒண்டு இருக்கு, அதில நீங்கள் எவ்வளவு அமுக்கினீங்கள் எண்டதை விட எப்பிடி அமுக்கினீங்கள் எண்டதுதான் மீகடத்தி வருமா வராதா எண்டதைத் தீர்மானிக்குது. அந்தக் கடைசிச் சாமானைப் பற்றித்தான் எழுதப் போறன்.

வெள்ளவத்தையில சனிக்கிழமை பின்னேரங்களில பேப்பர் வாசிக்கிற சின்ன வட்டம் ஒண்டு எங்களுக்கு இருக்கு. ஏஎல் முடிச்சிட்டு இருக்கிறவை, கம்பஸ் பிள்ளையள், படிப்பிக்கிற ஆக்கள் கொஞ்சப்பேர், இவ்வளவுதான். அமுக்கம் எண்ட தலைப்பை எடுத்து வாசிக்கத் தொடங்கினாப் பிறகு எங்களைக் கூட நேரம் வைச்சு இழுத்தது கல்சியம், இரும்பு, ஆசனிக்கு மூண்டும் 1:2:2 எண்ட விகிதத்தில சேர்ந்த பளிங்குதான், ஆராய்ச்சிக்காரர் 122 குடும்பம் எண்டு சொல்லுறதில ஒண்டு, அதாலதான் கல்சியம் 122. தமிழில இதை முழுசா ஒருத்தரும் எழுதி நான் காணேல்லை, அதால நானே எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல பின்னணி. 2008 பெப்ரவரியில டோக்கியோ இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னொலொஜியில ஹொசொனோவின்ர குழு, லந்தனம், இரும்பு, ஆசனிக்கு, ஒட்சிசன் சேர்ந்த சாமானில ஒட்சிசனுக்குப் பதிலா கொஞ்சம் புளோரின் போட்டு 26 கெல்வினில (பூச்சியம் கெல்வின் எண்டால் -273 பாகை செல்சியஸ்) மீகடத்தி வருது எண்டு சொன்னவை. இரும்பு எண்டால் காந்தம், காந்தம் எண்டால் மீகடத்திக்கு எதிரி எண்டுதான் அதுவரைக்கும் எல்லாரும் படிச்சது, படிப்பிச்சது. (வெறும் இரும்பும் மீகடத்தியாகும் எண்டு 2001லயே ஜப்பானில காட்டினவை, ஆனா அதுக்கு 15 கிகாபஸ்கலுக்கு மேல அமுக்கி, காந்தத் தன்மை போனாப் பிறகு 2 கெல்வின் அளவில, அவ்வளவுதான்.) அதே 2008ல புளோரின் போட்ட அந்தச் சாமானை 4 கிகாபஸ்கல் அமுக்கத்தில வைச்சுப் பாத்தா டீசி 43 கெல்வினுக்கு ஏறினது. பிறகு தாய்வான்காரர் இரும்பும் செலனியமும் மட்டும் உள்ள சாமான் 8 கெல்வினில மீகடத்தியாகுது எண்டு கண்டுபிடிச்சவை, அதை 1.5 கிகாபஸ்கல் அமுக்கினா 27, இன்னும் மேல 9 கிகாபஸ்கல் பக்கம் போனா 37 கெல்வின் அளவு. 8லேருந்து 37, சும்மா அமுக்கினதால மட்டும். ஒரு கிகாபஸ்கல் எண்டால் ஏறக்குறைய 10,000 வளிமண்டல அமுக்கம், உலகத்தில ஆக ஆழமான கடல் அடியிலயே அதில பத்திலொண்டு கொஞ்சம் மேலதான் இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அப்ப “அமுக்கினா நல்லது” எண்ட எண்ணம் எல்லாருக்கும் வந்தது இயல்பு. அந்த எண்ணத்தோட லந்தனத்துக்குப் பதிலா அதை விடச் சின்ன அயன் உள்ள சமாரியத்தைப் போட்டு, அதாவது வெளியால அமுக்காமல் உள்ளுக்கே அணுக்களை நெருக்கி, பெய்ஜிங்கில 55 கெல்வின் எடுத்தவை. ஆனா அதே வகையில நியோடைமியம் போட்டு 54 கெல்வின் பக்கம் இருக்கிற சாமானை வெளியால அமுக்கினா டீசி இறங்கிக்கொண்டே போகுது. உச்சிக்கு வந்தாப் பிறகு அமுக்கினா இறக்கம்தான்.

இதுக்கு ஒரு கேத்திரகணித விளக்கம் இருக்கு. இந்தச் சாமான்கள் எல்லாத்திலயும் அடிப்படை இரும்பு-ஆசனிக்கு அடுக்கு, ஒவ்வொரு இரும்பைச் சுத்தியும் நாலு ஆசனிக்கு, நான்முகி வடிவத்தில. அந்த நான்முகி ஒழுங்கா, கோணம் 109.5 பாகையில இருக்கேக்க டீசி உச்சத்துக்குக் கிட்ட வருது, இரும்புத் தளத்துக்கு மேல ஆசனிக்கு நிக்கிற உயரம் 1.38 அங்ஸ்ட்ரோம் (ஒரு அங்ஸ்ட்ரோம் எண்டால் மீற்றரில ஆயிரங்கோடியில ஒண்டு) பக்கம் இருந்தாலும் அப்பிடித்தான். அமுக்கம் இந்தக் கோணத்தையும் உயரத்தையும் மாத்துது, இரும்பில இருக்கிற காந்த ஒழுங்கையும் குலைக்குது. வேற அணு போட்டாலும் இது நடக்கும், ஆனா அப்ப பளிங்குக்குள்ள ஒழுங்கீனம் வரும், அமுக்கத்தில அது இல்லை, சாமான் அதே சாமான். அமுக்கத்தை ஆராய்ச்சிக்காரர் விரும்பிறதுக்குக் காரணம் இந்தச் சுத்தம்தான், கல்சியம் 122 கேள்விக்குறி போட்டதும் இந்தச் சுத்தத்துக்கு மேலதான்.

இப்ப கேஸுக்கு வருவம். சாதாரண அமுக்கத்தில இந்தப் பளிங்கைக் குளிராக்கினா 170 கெல்வினில ஒரு பாய்ச்சல் நடக்குது, சதுர அடி கொண்ட நாற்கோண அமைப்பு செவ்வக அடிக்கு மாறுது, அதோடயே இரும்பின்ர காந்தம் எதிரெதிரா ஒழுங்காகுது. மீகடத்தி இல்லை. 2008ல டோரிகாச்விலி, புட்கோ, நி, கான்ஃபீல்ட் நாலு பேரும் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸில எழுதினது இதுதான்: 0.35 கிகாபஸ்கல் அமுக்கினா 170 கெல்வின் பாய்ச்சல் 128க்கு இறங்குது, 0.55ல இன்னொரு புது மாற்றம் 104 கெல்வினில தெரியுது, அமுக்கத்தைக் கூட்டக் கூட்ட அந்தப் புது மாற்றம் மேல ஏறி 1.9ல அறை வெப்பநிலையையும் தாண்டுது, கீழ குளிரில 0.23லேருந்து 0.86 வரைக்கும் ஒரு மேடு போல மீகடத்தி, உச்சம் 12 கெல்வின் அளவு, மேட்டின்ர நடு 0.5 பக்கம். மற்ற 122 சாமான்களுக்கு எத்தினையோ கிகாபஸ்கல் தேவைப்பட, இதுக்கு அரைக் கிகாபஸ்கலே காணும் எண்டது பெரிய விஷயம். வேற அணு ஒண்டும் கலக்காமல் காந்தம், அமைப்பு மாற்றம், மீகடத்தி மூண்டையும் ஒரே பளிங்கில திருப்பித் திருப்பிப் பாக்கலாம் எண்டு எல்லாரும் சந்தோசப்பட்டவை, அதில நியாயமும் இருந்தது.

அடுத்தது அந்த 104 கெல்வின் புது மாற்றம் என்ன எண்ட கேள்வி. அமெரிக்காவில ஏம்ஸ் ஆய்வுகூடத்து கிரெய்சிக், கோல்ட்மன் ஆக்கள் நியூத்திரன் கற்றையை விட்டுப் பாத்தா, பளிங்கு நிண்ட இடத்திலயே இடிஞ்சு போயிருக்கு. 50 கெல்வினில 0.3 கிகாபஸ்கலைக் கொஞ்சம் தாண்டினதும் கனவளவு 5 வீதம் குறையுது, நெட்டுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 11 வீதம் விழுது. ஒரு திண்மம் உயரத்தில இவ்வளவு சுருங்கிறது லேசுப்பட்ட விஷயமில்லை. காரணம் ஆசனிக்கு. ஒரு அடுக்கின்ர மேல்ப்பக்க ஆசனிக்கும் அடுத்த அடுக்கின்ர கீழ்ப்பக்க ஆசனிக்கும் கல்சியத்தை நடுவில வைச்சு ஒண்டையொண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கு, கல்சியம் அயன் சின்னன், அதால ஏற்கனவே தூரம் குறைவு, கொஞ்சம் தள்ளிவிட்டா ரெண்டும் பிணைப்புப் போட்டுடும், போட்டதும் அடுக்கெல்லாம் சேர்ந்து கீழ இறங்கும். கல்சியத்துக்குப் பதிலா பேரியம் இருக்கிற 122ம் இருக்கு, பேரியம் பெரிய அயன், அதில இதே இடிவு வரோணும் எண்டால் 17 கிகாபஸ்கலுக்கும் மேல வேணும்.

இடிஞ்ச அமைப்பில காந்தமே இல்லை. ஒழுங்கு குலைஞ்சது எண்டில்லை, இரும்பில இருந்த காந்தத் திருப்பம் முழுசாப் போயிடுது. சிக்கல் தொடங்கிறது இதிலதான். மீகடத்தி வர இலத்திரன்கள் சோடி சேரோணும், இந்தக் குடும்பத்தில அதுகளைச் சோடி சேர்க்கிறது காந்தத்தின்ர அலைவுதான் எண்டது இண்டைக்கும் பெரும்பாலான ஆக்கள் ஒத்துக்கொள்ளுற கருத்து, அப்ப காந்தம் செத்துப்போன அமைப்பில 12 கெல்வின் மீகடத்தி எங்கேருந்து வருது? செவ்வக அமைப்பில வருது எண்டும் சொல்லேலாது, அதில காந்தம் கொஞ்சமும் இளகாமல் அப்பிடியே நிக்குது, அமுக்கினாலும் அளவு மாறேல்லை எண்டு நியூத்திரனே சொல்லுது. அப்ப ரெண்டு வீட்டிலயும் இடமில்லாத ஒரு விருந்தாளி.

விடையைத் தேடினது ஹீலியம். யூ எண்டவர் முதல் பேராப் போட்டு, கனடா மக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழுவும் ஏம்ஸ் குழுவும் சேர்ந்து 2009 தொடக்கத்தில வெளியிட்ட பேப்பரில, அமுக்கத்தைக் கடத்திற ஊடகமா, முதல் பேப்பரில பாவிச்ச எண்ணெய் வகைத் திரவத்துக்குப் பதிலா ஹீலியத்தை வைச்சு காந்த ஏற்புத்திறனையும் (காந்தப்புலத்துக்குப் பளிங்கு எப்பிடி நடக்குது எண்டதை) தடையையும் அளந்தவை. அமைப்பு மாற்றங்கள் ரெண்டும் கத்தி வெட்டினமாதிரி கூர்மையாத் தெரிஞ்சது. மீகடத்தி, பளிங்கு முழுக்கப் பரவின மீகடத்தி, எங்கயும் இல்லை. அவை எழுதின முடிவு என்னெண்டால், திரவம் உறைஞ்சதால அமுக்கம் எல்லாப் பக்கமும் சமனா இல்லாமல் போனதுதான் பளிங்கைப் பல அமைப்பாப் பிரிச்சு மீகடத்தியையும் கொண்டு வந்தது எண்டு.

இந்தப் பேப்பரை வாசிச்சு முடிக்கேக்க ரெண்டாம் வருசப் பிள்ளை ஒராள் கேட்டா, “அண்ணா, ரெண்டு பேரும் ஒரே பளிங்கைத்தானே அளந்தவை, அப்ப ஆர் பிழை விட்டது?”

“ஒருத்தரும் இல்லை தங்கச்சி, பேப்பரின்ர மேல இருக்கிற பேர்களை ஒருக்கா வாசியுங்கோ.”

அவ வாசிச்சுப் பாத்திட்டு நிமிர்ந்து பாத்தா. புட்கோ, நி, கான்ஃபீல்ட் மூண்டு பேரும் ரெண்டு பேப்பரிலயும் இருக்கினம். மீகடத்தி இருக்கு எண்டு உலகத்துக்குச் சொன்ன அதே ஆக்கள், ஒரு வருசம் கூட ஆகாமல், ஹீலியத்துக்குள்ள அது இல்லை எண்டும் கையெழுத்துப் போட்டிருக்கினம். எனக்கு இந்தக் கேஸில மனசுக்கு ஆகப் பிடிச்ச இடம் இதுதான், விஞ்ஞானம் செய்யிற பிள்ளையளுக்கு இதை நான் திருப்பித் திருப்பிச் சொல்லுவன்.

சரி, ஊடகம் ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருது? அமுக்கக் கலத்துக்குள்ள நடக்கிறதைப் படிப்படியாப் பாக்கோணும். வழக்கமா பாவிக்கிறது பெரிலியம்-செம்பு கலப்புலோகத்தில கடைஞ்ச உருளை, நடுவில துளை, அதுக்குள்ள எண்ணெய் நிரப்பின சின்னக் குடுவை, குடுவைக்குள்ள பளிங்கு. அறை வெப்பநிலையில முசலத்தால (பிஸ்டனால) அமுக்கி, மேல மறையை இறுக்கிப் பூட்டி, அப்பிடியே கொண்டுபோய் குளிரூட்டியில இறக்கிறது. இறங்கேக்க எண்ணெய் சுருங்கும், உறையும், உள்ளுக்கு இருக்கிற அமுக்கம் 0.2, 0.3 கிகாபஸ்கல் வரைக்கும் கூடக் குறையலாம். இரும்பு செலனியத்தை 6 கிகாபஸ்கலில அளக்கிறவருக்கு அது பெரிய நட்டமில்லை. ஆனா 0.35ல எல்லாம் மாறிப்போகிற கல்சியம் 122க்கு அது முழுக் கதையையும் புரட்டிற அளவு.

அமுக்கத்தை அளக்கிறதிலயும் இதே கரைச்சல். ரெண்டு வைரத்துக்கு நடுவில வைச்சு அமுக்கிற வைரக் கலத்தில சின்ன மாணிக்கத் துண்டைப் போட்டு அது விடுற சிவப்பு வெளிச்சம் எவ்வளவு நகருது எண்டு பாப்பினம், இரத்தினபுரிக் கல்லைப் பாத்து வளர்ந்த எங்களுக்கு இதைக் கேக்கச் சந்தோசம்தான், ஆனா ஒரு கிகாபஸ்கலுக்கு 0.36 நனோமீற்றர் அளவுதான் நகரும், 0.3, 0.4 எண்டு வித்தியாசம் பாக்க அது காணாது. அதால முசலக் கலத்தில பக்கத்தில ஈயத்துண்டு வைப்பினம், ஈயம் 7.2 கெல்வினில மீகடத்தியாகிறது, அமுக்கினா அது கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். நல்ல அளவி, ஆனா அது சொல்லுறது 7 கெல்வினில இருக்கிற அமுக்கத்தை. பளிங்கு இடியிறது 100 கெல்வின் பக்கம். அந்த நேரம் உள்ளுக்கு எவ்வளவு இருந்தது எண்டதை ஈயம் சொல்லாது.

இதெல்லாத்தையும் விடப் பெரிசு உறைஞ்ச எண்ணெய்தான். புட்டுக்குழலுக்க மாவை மேலால அமத்தினா கீழ் நுனியில இருக்கிற மா அதே இறுக்கத்தில இருக்காது எண்டு சமைக்கிற எல்லாருக்கும் தெரியும், உறைஞ்ச எண்ணெயும் அப்பிடி, ஒரு பக்கத்தில தள்ளினது மற்றப் பக்கம் முழுசாப் போய்ச் சேராது. இதுக்குள்ள இருக்கிற பளிங்கு உயரத்தில பத்திலொரு பங்கு சுருங்கப் பாக்குது, அகலத்தில கொஞ்சம் விரியப் பாக்குது, சுத்திவர உறைஞ்ச சுவர் அதை விடாது. கொஞ்ச இடம் இடிஞ்சுபோகும், கொஞ்ச இடம் இடியேலாமல் செவ்வகமாவே நிக்கும், எல்லையில இழுவிசை. கோல்ட்மன் ஆக்கள் இதைக் கண்ணாலயே காட்டினவை, சமனில்லாத அமுக்கம் கொஞ்சம் இருந்தாலே ரெண்டு அமைப்பும் ஒரே பளிங்கில சேர்ந்து நிக்கும் எண்டு. ஹீலியம் அப்பிடியில்லை, 100 கெல்வினில இந்த அமுக்கத்தில அது இன்னும் ஓடிக்கொண்டு இருக்கும், கீழ போய் உறைஞ்சாலும் மெதுமையான திண்மம், அதோட மெல்லிய குழாயால வெளியிலேருந்து அமுக்கத்தைச் சரிபாத்துக்கொண்டும் இருக்கலாம். பளிங்கு தனக்கு வேண்டின வடிவத்துக்கு ஒரேயடியா மாறிடும்.

தடை பூச்சியம் எண்டதை நம்பிறதிலயும் கவனம் வேணும், ஏஎல் பாடத்தில இந்த இடம் வரவே வராது. பளிங்கில நூறில ஒரு பங்கு மீகடத்தியா இருந்தாலும் அது ஒரு முனையிலேருந்து மற்ற முனைக்குத் தொடர்ந்து ஓடிற நூலாய் இருந்தா மின்னோட்டம் முழுக்க அந்த நூலாலயே போகும், மீற்றர் பூச்சியம் காட்டும். பளிங்கு முழுக்க மீகடத்தியா எண்டு தெரியோணும் எண்டால் காந்தப்புலத்தை வெளிய தள்ளுதா, எவ்வளவு பங்கு தள்ளுது எண்டு பாக்கோணும், வெப்பக்கொள்ளளவில பாய்ச்சல் இருக்கா எண்டும் பாக்கோணும். தடை மட்டும் அளந்திட்டு “மீகடத்தி” எண்டு தலைப்புப் போட்ட பேப்பரைக் கண்டா நான் இப்ப நேரா ஊடகம் என்ன, கனவளவில எத்தினை பங்கு எண்டு தேடிப் போயிடுவன்.

பிறகு நடந்தது இன்னும் ருசி. 2010 பக்கம், எல்லாப் பக்கமும் இல்லாமல் உயரத் திசையில மட்டும் பளிங்கைத் தள்ளி நியூத்திரன் விட்டுப் பாத்தவை, அப்ப செவ்வகமும் இல்லாத, இடியவும் இல்லாத, பழைய நாற்கோண அமைப்பு கீழ் வெப்பநிலையிலயும் உயிரோட நிண்டது, அதில காந்த ஒழுங்கு இல்லை. அந்த விருந்தாளிக்கு வீடு இதுதான் எண்டு நான் நினைக்கிறன், காந்தம் ஒழுங்காகாமல் ஆனா சாகாமலும் அலைஞ்சு கொண்டிருக்கிற இடம், சோடி சேர்க்கிறதுக்கு வேணுமெண்டது அதுதானே. இதை முழுத் தீர்ப்பு எண்டு எடுக்காதேங்கோ, ஆனா இருக்கிற தரவெல்லாத்துக்கும் பொருந்திற விளக்கம் எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

2011ல கான்ஃபீல்ட் குழு இன்னொண்டு காட்டினது. அதுவரைக்கும் பளிங்கை உருக்கின வெள்ளீயத்துக்குள்ள வளத்தவை, இப்ப இரும்பு-ஆசனிக்கு உருகலுக்குள்ளயே வளத்து 960 பாகை செல்சியஸிலேருந்து சடாரெண்டு குளிராக்கினா, வெளியால ஒரு அமுக்கமும் இல்லாமலே 100 கெல்வினுக்குக் கீழ பளிங்கு இடியுது! உள்ளுக்க நுண்ணிய படிவுகள் உண்டாக்கிற இழுவிசையே வெளி அமுக்கத்தின்ர வேலையைச் செய்யுது. திரும்பக் கொஞ்சம் குறைஞ்ச சூட்டில வைச்சு எடுத்தா இடிவு போய் காந்தம் வருது, எவ்வளவு சூட்டில வைச்சீங்கள் எண்டதைப் பொறுத்து காந்த மாற்றத்தின்ர வெப்பநிலையையே 70 கெல்வினுக்கும் மேல நகர்த்தலாம். அப்ப ஒரே சூத்திரம் எழுதின ரெண்டு போத்தில் பளிங்கு, ரெண்டும் வேற வேற சாமான் மாதிரி நடக்கும். “0.4 கிகாபஸ்கல்” எண்டு ஒருத்தர் எழுதினா அதில வெளியால எவ்வளவு, பளிங்கின்ர சொந்தக் கணக்கில எவ்வளவு எண்டு நீங்கள் கேக்கத்தான் வேணும்.

இது கல்சியத்துக்கு மட்டும் வந்த வினை இல்லை. பேரியம் 122ஐ அமுக்கினா மீகடத்தி வரும் எண்டு 2009ல கேம்பிரிட்ஜிலேருந்து 29 கெல்வின் சொன்னவை, ஆனா அமுக்கத்தைக் கூடுதலாச் சமப்படுத்திற கலங்களில போட்டா மீகடத்தி வர இன்னும் கூட அமுக்கம் வேணும், டீசியும் வேற மாதிரி. வெவ்வேற ஊடகத்தில எடுத்த வரைபடங்களை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சா ஒத்துப்போகாது, ஒரு திசைத் தள்ளல் கூடக் கூட காந்தம் சுகமாச் சாகுது, மீகடத்தி கெதியா எட்டிப் பாக்குது. இரும்பு செலனியத்தில நிலைமை பறவாயில்லை. அதை ஆறு பக்கத்தாலயும் தள்ளுற கனசதுரக் கலத்தில 15 கிகாபஸ்கல் வரைக்கும் கொண்டுபோய், 2016ல அழகான வரைபடம் ஒண்டு போட்டவை, இடையில காந்த ஒழுங்கு ஒரு மேடாய் எழும்பி இறங்குது, டீசி 6 கிகாபஸ்கலில 38 கெல்வின். அமுக்கம் சமனா இருந்தும் டீசி கூடுது எண்டதால அதில எனக்கு நம்பிக்கை கூட.

அதே 2016ல ஹூஸ்டனில போல் சூவின்ர குழு கல்சியம் 122க்கே திரும்ப வந்தது. ஒரு அணுவும் கலக்காமல், வெளியால அமுக்காமல், பளிங்கை 350 பாகை செல்சியஸில வைச்சு எடுத்து, இடியிற அமைப்பும் இடியாத அமைப்பும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு கலந்து நிக்கிறமாதிரி செய்ய, 25 கெல்வினில மீகடத்தி வந்தது. தனிய ஒரு அமைப்பிலயும் இல்லை, மற்றதிலயும் இல்லை, ரெண்டும் சந்திக்கிற எல்லையில இருக்கு எண்டு அவை வாதாடினம். 2009ல ஹீலியம் துடைச்சு எறிஞ்ச அந்தக் கலவையைத்தான் இவை வேணுமெண்டே உண்டாக்கியிருக்கினம்.

எங்கட கையில வைரக் கலமும் இல்லை, ஹீலியக் கொம்பிரசரும் இல்லை, வாசிக்கிறதுதான் எங்கட வேலை. ஆனா இந்தக் கேஸை வாசிக்கிறதுக்கு அது காணும், ஏனெண்டால் முழுக் கேஸும் கிடக்கிறது ஒருத்தரும் வாசிக்காத செய்முறைப் பந்தியில, என்ன ஊடகம், எந்த உருகலில வளத்தது, அமுக்கத்தை எந்த வெப்பநிலையில அளந்தது எண்ட மூண்டு வரியில. அடுத்த சனிக்கிழமைக்கு எடுத்திருக்கிறது சூ குழுவின்ர 2021 வேலை, இரும்பு செலனியத்தை 4.15 கிகாபஸ்கலில குளிராக வைச்சு அமுக்கத்தைச் சடாரெண்டு விட்டா 37 கெல்வின் டீசி அமுக்கமில்லாமலே தங்குது எண்டது. வாறவை சுருக்கத்தை விட்டிட்டு செய்முறைப் பந்தியை முதல் வாசிச்சிட்டு வாங்கோ, மீகடத்தியான பங்கு எவ்வளவு எண்டு அவை என்னத்தை வைச்சுச் சொல்லினம் எண்டதிலேருந்துதான் தொடங்கப் போறம்.